ஒரு புள்ளி குறைந்தால்...

போன மார்கழியில் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா திருவண்ணாமலை. பே கோபுரத் தெரு பக்கத்தில் ஆயா வீடு. (வெளியூர்க்காரர்களுக்கு: எங்க பக்கம் ஆயான்னா பாட்டி. சத்துணவுக்கூட ஆயா இல்லை!) விடியக்காலை நாலே முக்காலுக்குக் கோயில் ஸ்பீக்கரில் திருவெம்பாவை ஆரம்பிச்சுடும். அதுக்கு மேல தூங்கணும்னா காது இருக்கக் கூடாது. எழுந்து வாசலுக்கு வந்தா, ஆயா ஏற்கனவே சாணி தெளிச்சு, குனிஞ்சு புள்ளி வச்சிட்டிருக்கு.

அன்னைக்கு ஒரு சின்ன விஷயம் நடந்தது. இந்தப் பதிவே அதனால்தான்.

முந்தின நாள் தண்ணி லாரி போய் வாசலில் ஒரு சின்னப் பள்ளம். அதில் தண்ணி நிக்குது. புள்ளி வரிசையில் ஒரு புள்ளி சரியா அந்தப் பள்ளத்தில் விழணும். விழல, கரைஞ்சு போச்சு. நான் இஞ்சினியர் மூளையோட, "ஆயா, கொஞ்சம் தள்ளி முதல்லேர்ந்து வை"ன்னேன். ஆயா நிமிர்ந்து கூடப் பார்க்கல. "புள்ளி போனா இன்னாடா, கம்பி அதுவா வழி கண்டுபுடிச்சிக்கும்"னு சொல்லிட்டு இழுக்க ஆரம்பிச்சுது. பள்ளத்துக்கிட்ட வந்ததும் ஒன்னை ஒன்னு வெட்டிக்க வேண்டிய ரெண்டு கம்பியை வெட்ட விடாம ஆளுக்கொரு பக்கம் திருப்பி விட்டுது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்திலும் அதே மாதிரி ஒரு திருப்பம். அந்த ரெண்டாவது திருப்பம் எதுக்குன்னு எனக்குப் புரியல. மொபைலில் படம் எடுத்து வச்சிக்கிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுட்டு அந்தப் படத்தில் விரலை வச்சு கம்பியைத் தொடர்ந்து போனேன். கிளம்பின இடத்துக்கே வந்துட்டேன். வழியில் ஒரு கோடு கூட மிச்சமில்லை. மொத்தக் கோலமும் ஒரே கம்பி! ஆயா முதலில் திருப்பினதோட விட்டிருந்தா அது ரெண்டு தனிக் கம்பியா உடைஞ்சிருக்கும். உடைஞ்சதை ஒட்டத்தான் ரெண்டாவது திருப்பம். இதை ஆயா யோசிச்ச நேரம் ரெண்டு செகண்ட் கூட இருக்காது. ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரேஷன் கடையில் கைநாட்டுதான்.

சரி, இந்தக் கோலம்கிற சமாச்சாரத்துக்கு வரலாறு என்னன்னு தேட ஆரம்பிச்சேன். முதல் சிக்கலே இங்கேதான். எங்க ஊர்க் கோயில் சுவர் முழுக்கக் கல்வெட்டு. சோழர் காலத்திலிருந்து யார் எத்தனை ஆடு விட்டார்கள், எந்த விளக்குக்கு எவ்வளவு நெய் என்பது வரை வெட்டி வச்சிருக்காங்க. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அதையெல்லாம் புத்தகமாவே போட்டிருக்கு. அந்தச் சுவருக்கு நேர் எதிரே, வீதியில், தினமும் காலையில் ஒரு ஓவியம் பிறந்து பத்து மணிக்குள் ஆட்டோ சக்கரத்தில் செத்துப் போகுது. எறும்பு பாதி, காத்து பாதின்னு தின்னுடும். பச்சரிசி மாவில் போட்டதுக்கு எங்கேயிருந்து தொல்லியல் ஆதாரம் கிடைக்கும்?

அதனால "ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தமிழச்சி கோலம் போட்டாள்" என்று வாட்ஸப்பில் வருவதை நான் நம்புறதில்லை. இல்லைன்னும் சொல்ல மாட்டேன். கையில் இருப்பதை மட்டும் சொல்லலாம். நாச்சியார் திருமொழியின் ஆரம்பத்திலேயே ஆண்டாள் தை மாசத்தில் தரையைச் சுத்தம் பண்ணி, மண்டலமிட்டு, மெல்லிய மணலால் தெருவை அலங்கரிப்பதைச் சொல்கிறார். அரிசி மாவு இல்லை, மணல். புள்ளி வச்சாரா, கம்பி இழுத்தாரா என்பதெல்லாம் அதில் இல்லை. ஆனா ஒரு பெண் தெருத்தரையில் பொடியால் ஏதோ வரைகிறாள் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பாட்டில் இருக்கு. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடினது எங்க ஊரில்தான் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலே உண்டு. அந்தப் பாட்டில் பெண்கள் விடியலில் ஒருத்தரை ஒருத்தர் எழுப்புறாங்க. அதாவது நான் தூக்கம் கெட்டு வாசலுக்கு வந்ததுக்கு ரொம்பப் பழைய முன்னுதாரணம் உண்டு :-)

இதுக்கப்புறம் ஒரு பெரிய தாண்டல். கோலத்தைப் பற்றி வெளிநாட்டுக்காரர் எழுதின கட்டுரைகளில் முக்கியமானது 1937ல் ஜான் லேயார்ட் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் எழுதினது. ஃபோக்லோர் என்ற இதழில் வந்தது. மனுஷர் தமிழ்நாட்டு ஆளே இல்லை. அவர் 1914-15ல் வேலை பார்த்தது பசிபிக் கடலில் இருக்கும் மலெகுலா தீவில், இன்றைய வனுவாட்டு. அங்கேயும் மணலில் விரலால் எடுக்காமல் ஒரே கோட்டில் வரையற பழக்கம் உண்டு. அந்தத் தீவில் ஒரு நம்பிக்கை: செத்தவனின் ஆவி அந்த உலகத்துக்குப் போகும்போது வழியில் ஒரு பேய் உட்கார்ந்திருக்கும். மணலில் ஒரு படம் வரைஞ்சு பாதியை அழிச்சிடும். மீதியைச் சரியா முடிச்சாத்தான் உள்ளே விடும். தெரியாதவனைத் தின்னுடும். (செமஸ்டர் வைவா மாதிரியே இருக்குல்ல?) லேயார்ட் நம்ம வாசல் கோலங்களைப் பார்த்துட்டு, ரெண்டும் ஒரே சடங்கின் வழிவந்தவைன்னு முடிவு கட்டினார். எனக்கு அது ஓவரா தெரியுது. ஆப்பிரிக்காவில் அங்கோலா பக்கம் சோக்வே மக்களும் மணலில் முதலில் புள்ளி வச்சு, அப்புறம் அதைச் சுத்திக் கோடு இழுக்கிறாங்க. கதை சொல்லிக்கிட்டே வரைவாங்க. அங்கே வரையறது ஆம்பளைங்க. மூணு இடத்துக்கும் ஒரே பூர்வீகம் தேடறதை விட, தரை, பொடி, விரல் மூணும் கிடைச்சா மனுஷன் சும்மா இருக்க மாட்டான்னு எடுத்துக்கலாம்.

எனக்கு உண்மையில் தூக்கிவாரிப் போட்டது அடுத்த கட்டம்தான்.

கிப்ட் சிரோமணி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? நான் நாலு வருஷம் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்சும் கேட்டதில்லை. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். 1932ல் பிறந்து 1988ல் காலமானவர். சிந்துவெளி எழுத்து, மகாபலிபுரம், தாம்பரத்துப் பறவைகள், பழைய எழுத்துருவில் திருக்குறள் என்று மனுஷர் கை வைக்காத இடமே இல்லை. நம்ம வலைப்பதிவர்களில் சிலரை ஞாபகப்படுத்துறார், ஒரே வித்தியாசம் அவர் எல்லாத்தையும் முடிச்சார் :-) அவரும், அவர் மனைவி ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1970களின் ஆரம்பத்தில் ஒரு வேலை பண்ணினாங்க. 1974ல் அது கட்டுரையா வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னா 'அணி இலக்கணங்களும் கோலமும்'. அணின்னா அலங்காரம் இல்லை, நாம ப்ரோக்ராமில் எழுதற அர்ரே.

ரொம்பச் சுருக்கமா சொல்றேன், தெரிஞ்சவங்க பொறுத்துக்கோங்க. 1950களில் நோம் சாம்ஸ்கி மொழிக்கு ஒரு கணித இலக்கணம் கொடுத்தார். சில சின்ன விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினா கணக்கில்லாத வாக்கியம் வரும். கம்பைலர் வேலை செய்யறதே அந்த அடிப்படையில்தான். ஆனா வாக்கியம் என்பது ஒரு வரி. இடமிருந்து வலம் போனா முடிஞ்சது. படத்துக்கு அகலமும் உண்டு, உயரமும் உண்டு. படத்துக்கு எப்படி இலக்கணம் எழுதறது? உலகம் முழுக்க இந்தக் கேள்வி ஓடிக்கிட்டிருந்த காலத்தில் தாம்பரத்துக்காரங்க வாசலைப் பார்த்தாங்க. ஒரே சைஸில் மட்டும் போடக்கூடிய கோலம் உண்டு. அஞ்சு புள்ளியில் போட்டதையே ஏழு, ஒன்பது, பதினொன்னுன்னு பெரிசாக்கிட்டே போகக்கூடிய கோலமும் உண்டு. பெரிசாக்கத் தெரிஞ்ச பெண்ணின் கையில் படம் இல்லை, விதி இருக்கு. அந்த விதி எவ்வளவு சிக்கலானது என்பதை வச்சு கோலங்களை அவங்க வகை பிரிச்சாங்க.

இன்னொரு விஷயமும் பண்ணினாங்க. எனக்கு அதுதான் பெருசு. கோலம் போடற பெண்கள்கிட்டயே போய்ப் பார்த்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் இவ்வளவு சிக்கலான படம் எப்படி ஞாபகம் இருக்கு? அவங்க அதை வெறும் படமா வச்சிக்கலை, கை அசைவுகளின் வரிசையா வச்சிருக்காங்க. நேரே போ, இடது திரும்பு, புள்ளியைச் சுத்து, வலது திரும்பு, இப்படி. பாட்டு மனப்பாடம் மாதிரி. நடுவில் நிறுத்தி "அடுத்து என்ன?"ன்னு கேட்டா சொல்லத் தெரியாது, மறுபடி முதல்லேர்ந்து இழுத்தாத்தான் வரும். எங்க ஆயாவும் அப்படித்தான். கேட்டா "கை போவும், நான் பின்னாடி போவன்"னு சொல்லும்.

இப்போ தாவரத்துக்கு வாங்க. சம்பந்தம் இருக்கு, பொறுங்க.

1968ல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் (ஹங்கேரியில் பிறந்தவர், பின்னாளில் நெதர்லாந்தில் பேராசிரியர்) பாசி இழை எப்படி வளருதுன்னு விளக்க ஒரு முறை கண்டுபிடிச்சார். ரெண்டு வகை செல், அ, ஆ. ஒவ்வொரு அடியிலும் அ என்பது அஆ ஆகும், ஆ என்பது அ ஆகும். எல்லா செல்லும் ஒரே நேரத்தில் மாறும். அவ்வளவுதான் விதி. ஒரு அ வச்சு ஆரம்பிச்சுப் பாருங்க: அ, அஆ, அஆஅ, அஆஅஅஆ... நீளம் 1, 2, 3, 5, அடுத்து 8, 13. ஆமா, ஃபிபனாச்சியேதான்! அப்புறம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அசைவு கொடுத்தாங்க. இது வந்தா நேரே போ, அது வந்தா இடது திரும்பு. திரையில் ஒரு ஆமை ஊர்ந்து கோடு போடுது. சில வரி விதியில் செடி, கொடி, பூங்கொத்து எல்லாம் முளைக்கும். இந்தத் துறையின் பைபிள் 'தாவரங்களின் கணக்கியல் அழகு' என்று பொருள் வரும் தலைப்பில் பிரெமிஸ்லா ப்ருசின்கீவிச்சும் லிண்டன்மேயரும் சேர்ந்து 1990ல் வெளியிட்ட புத்தகம். காலேஜில் கிராபிக்ஸ் லேபில் நான் பண்ணின ஃபெர்ன் இலை இதில்தான். வெளிநாட்டுக்காரன் மூளைன்னு வாயைப் பிளந்துகிட்டு பண்ணேன்.

அதே முறையில் கோலமும் வரும்னு 1980களில் சிரோமணி குழு காட்டினாங்க. பாம்புக் கோலம், கண்ணன் சலங்கை ரெண்டும் அந்த உலகத்தில் பிரபலம். 1988ல் கிப்ட் சிரோமணி இறந்தப்போ, அடுத்த வருஷம் அவர் நினைவா ஒரு தொகுப்பு வந்தது. அதில் கமலா கிருதிவாசனும் ப்ருசின்கீவிச்சும் இன்னொருவரும் சேர்ந்து எழுதின கட்டுரை இருக்கு. தென்னிந்தியக் கோலத்தையும் கர்நாடக சங்கீதத்தையும் அதே இலக்கணத்தால் உருவாக்குவது பற்றி. அதாவது என் லேப் ஃபெர்ன் இலையும் ஆயா வாசல் கோலமும் பங்காளிகள். இதைத் தெரிஞ்சிக்க எனக்கு இருபத்தெட்டு வயசாச்சு.

நாம கோலத்தை 'இயற்கையிலிருந்து வந்த கலை'ன்னு சொல்லும்போது தாமரை, கிளி, மாவிலை, மார்கழிக்குச் சாணத்தில் சொருகற பூசணிப்பூ இதையெல்லாம்தான் நினைக்கிறோம். அது மேல்தோல். சிக்குக் கோலத்தில் பூவும் இல்லை கிளியும் இல்லை. ஆனா அது வளர்ற விதம் செடி வளர்ற விதம். செடிக்கு வரைபடம் கிடையாது, விதிதான். கல் குறுக்கே வந்தா வேர் வளைஞ்சு போகும். வாசலில் பள்ளம் வந்தா கம்பி வளையும். ஆயா அன்னைக்கு அந்த நிமிஷத்தில் மனசில் தோணினதைப் போட்டுது, உண்மைதான். ஆனா தோணினது சும்மா இல்லை. அறுபத்தைந்து வருஷமா கையில் ஊறின விதி கல்லைப் பார்த்ததும் வேலை செஞ்சது.

நீங்களே பண்ணிப் பார்க்க ஒன்னு சொல்றேன். பேப்பர் எடுங்க. 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி, நேர்ப்புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே சாய்வா கோடு இழுங்க, ஓரத்துக்கு வந்தா கேரம் காய் மாதிரி திருப்புங்க. ஒரே கம்பியில் முடியும். இப்போ 4 வரிசை, வரிசைக்கு 6 புள்ளி. ரெண்டு கம்பி வரும். 5க்கு 5? அஞ்சு கம்பி. ரகசியம் என்னன்னா ரெண்டு எண்ணின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை கம்பி. ஆறாம் வகுப்பு கணக்கு! தனித்தனி கம்பி ரெண்டு வெட்டிக்கிற இடத்தில் வெட்டாம திருப்பி விட்டீங்கன்னா ரெண்டும் ஒன்னாயிடும். ஒரே கம்பி தன்னையே வெட்டற இடத்தில் திருப்பினா ரெண்டா உடையலாம். ஆயாவின் ரெண்டாவது திருப்பம் இப்போ புரிஞ்சுதா? மீபொவ என்ற வார்த்தையையே ஆயா கேட்டதில்லை.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இத்தனை ஆராய்ச்சிக் கட்டுரையிலும் கோலம் போட்ட பெண்கள் யாருக்கும் பெயர் இல்லை. அதுக்கு சிரோமணி குழுவைக் குறை சொல்ல மாட்டேன், அவங்கதான் கேட்கவாவது செஞ்சாங்க. ஆனா அந்தக் கட்டுரைகளில் இருப்பது வாசலுக்குத் திரும்பி வரவே இல்லை. பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் கோலத்தை ஓரத்து அலங்காரமா பார்த்திருக்கேன், பாடமா நான் படிச்சதில்லை. எங்க ஊர் ராஜகோபுரம் 217 அடி, கிருஷ்ணதேவராயர் பேரு சொல்லிடுவாங்க. வடக்கே அம்மணி அம்மன் கோபுரம், ஒரு பெண் துறவி வீடு வீடாய்ப் போய்க் காசு சேர்த்துக் கட்டினது, அவர் பேரிலேயே நிக்குது. வாசலில் வரைஞ்சவங்களுக்கு அதுவும் இல்லை. அவங்களும் கேட்கல என்பது வேற விஷயம். இந்த லட்சணத்தில் இப்போ ஸ்டிக்கர் கோலம் வேற. பெங்களூரில் என் பிளாட் வாசலில் ஒட்டியிருப்பதும் அதுதான், நான் யாரைச் சொல்ல?

ஊரிலிருந்து கிளம்பறதுக்கு முந்தின ரெண்டு நாளும் ஆயாவை உட்கார வச்சு, தெரிஞ்ச சிக்குக் கோலம் எல்லாத்தையும் போடச் சொன்னேன். முட்டி வலி, அதனால தரையில் இல்லை, ஸ்லேட்டில். நான் பக்கத்தில் உட்கார்ந்து அசைவை எழுதினேன். நே, இ, வ, சு. நேரே, இடது, வலது, சுத்து. ஸ்லேட்டில் ஆயாவுக்குக் கை வரல. அளவு சின்னதாச்சுன்னா கை தடுமாறுது, உடம்பு முழுக்க நகர்ந்தாத்தான் வருது. பாதியில் நிறுத்திடும். கடைசியில் வலியோடவே எழுந்து வாசலுக்குப் போயிடுச்சு. நான் நோட்டை எடுத்துக்கிட்டுப் பின்னாடி ஓடினேன்.

மொத்தம் இருபத்திமூணு கோலம் தேறிச்சு. ப்ரோக்ராமில் போட்டுப் பார்த்தேன். இருபத்திரெண்டு அச்சு அசலா வந்தது. ஒன்னு மட்டும் வரல, கம்பி மூடாம திறந்தே நிக்குது. நான்தான் எங்கேயோ ஒரு திருப்பத்தை விட்டுட்டேன்னு போன் பண்ணி, "ஆயா, அந்தப் பதினேழாவது கோலம், மூணாவது வரிசையில..."ன்னு ஆரம்பிச்சேன்.

"எனக்கு நம்பர் இன்னாடா தெரியும். மாசி மகத்துக்கு வருவ இல்ல? வந்து பார்த்துக்கோ. வர்றப்ப ரெண்டு கிலோ நல்ல மாவு வாங்கியா, இங்க கல்லுப்பொடியைக் கலந்து வச்சிருக்கானுங்க, எறும்பு கூட தொட மாட்டேங்குது"ன்னு வச்சிடுச்சு.

டிக்கெட் போட்டாச்சு.